நாலடி தள்ளிக் கிடந்த குறடு

சத்தியவேட்டு ஏரியில் வலை வீசும் நேசகுமார், வலைக்கான ஈயக்குண்டுகளை வீட்டிலேயே வார்ப்பார். எழுபத்திரண்டாம் வருஷம் ஒருமுறை, ஈர அச்சில் ஊற்றிய ஈயம் வெடித்துச் சிதறிப் புறங்கையை வேகவைத்துவிட்டது. அதற்கப்புறம் அச்சை வெயிலில் காயவைக்காமல் வார்ப்பதில்லை. ஈயப்புகை உடம்பில் ஏறினால் ஆளையே சோர்த்துவிடும் என்று பயந்து அடுப்பையும் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டார்.

இன்றும் வார்த்து முடித்து, சுவரில் சாய்ந்து, பிளவுள்ள குண்டுகளை வலைக்கயிற்றில் மாட்டி, ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து நெரித்துக்கொண்டிருந்தார்.

"பொகை ஆவாதுன்னு வெளிய போய் காய்ச்சறீங்க. அப்பால அந்த ஈயத்தையே துன்னுக்கினு கீறீங்களே!" என்றாள் மனைவி தபீதாள்.

குண்டை நெரிக்கும் குறடு நாலடி தள்ளித்தான் கிடந்தது. எழுந்துபோய் எடுக்க அவருக்குப் பத்து வருஷமாக அலுப்பு. அந்த அலுப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் யோசித்தார்.