மலையம்மாள் பார்த்துக்கொண்ட கடை

"மலையம்மாக்கா எங்க, காணோம்?"

கூடலூரில் மதலேனாளின் தோசைக்கடைக்கு அன்று வந்தவர்கள் எல்லாரும் இதையே கேட்டார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டு, வாரக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு, அன்றுதான் மதலேனாள் மறுபடி தோசைக்கல் முன்னால் நிற்கிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு நாதியில்லை. உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மலையம்மாளைத் தேடிக் கழுத்தை நீட்டினார்கள். மதலேனாளுக்கு வயிறு எரிந்தது. ஆபரேஷன் செய்த இடம் வேறு, எரிந்த இடம் வேறு.

இருவரும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். மலையம்மாள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவள். "கடையச் சாத்திப்போட்டா ஆளுக வேற கடைக்குப் போயிருவாக. நீ போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் சொன்னபோது, மாதாவே அனுப்பி வைத்த ஆள் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் மதலேனாள். அழுதது நிஜம். ஆனால் பார்த்துக்கொள்வதென்றால் இருந்ததை இருந்தபடி பார்த்துக்கொள்ள வேண்டாமா?

தோட்டத்து ஜீப் கடை வாசலில் நிற்பதே ஒரு நிமிஷம்தான். தோசை வேகும்வரை பொறுக்காமல் பாதிப் பெண்கள் வெறுங்கையோடு போய்விடுவார்கள். இத்தனை வருஷமாக மதலேனாள் டிரைவரைத் திட்டியதோடு சரி. மலையம்மாளோ, சாயங்காலம் திரும்பி வரும் பெண்களிடமே காலி டிபன் பாக்ஸ்களை வாங்கி வைத்துக்கொண்டாள். ஜீப் வருவதற்குள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுவாள். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் துணி கட்டினாள். அதில் ஒரு நீலத்துணி மதலேனாள் ஈஸ்டருக்குக் கட்டிய சேலையில் கிழித்தது. ஓரம் நைந்ததுதான், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வியாபாரம் கூடியிருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தான் வந்த பிறகும் இவள் ஏன் கடையை விட்டு நகரமாட்டேன் என்கிறாள்? ருசி கண்டுவிட்டாள், கடையையே அமுக்கப் பார்க்கிறாள் என்று தீர்மானித்தாள்.

"ஏத்தா, எனக்குத் தேவலாயிருச்சு. நாளையிலருந்து ஒன் சோலியப் பாரு."

மலையம்மாள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "சரித்தா" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் மதலேனாள் தானே டிபன் பாக்ஸ்களை ஜீப்புக்குள் நீட்டினாள். மலையம்மாள் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ ஒரு புதுப்பெண்.

"மலையம்மா வரலையா?" என்று டிரைவர் சுருளிராஜனைக் கேட்டாள்.

"அந்தக்கா எடத்துல கங்காணி வேற ஆளச் சேத்துட்டாகளே. இனி வராட்டி எடம் போயிரும்னு அப்பவே சொன்னோம். ஒங்க கடையப் பாதியில விட்டுட்டு வரமாட்டேன்னுருச்சு. ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

ஜீப் போய்விட்டது. கல்லில் கிடந்த தோசை கருகியது.

வெயில் ஏறுவதற்குள் மலையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஜீப்புல எடம் போயிருச்சுன்னு ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"ஆபரேஷன் பண்ணிக் கெடக்குறவகிட்ட அதையா சொல்லுவாக?"

மதலேனாளுக்கு வெட்கம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா?

"நேத்து நான் பேசினதை மனசுல வச்சுக்கிறாத. கடைக்கு வா, இனி ரெண்டு பேரும் பாப்போம். ஆனா கல்லுல நான்தான் நிப்பேன்."

"நில்லு."

"என் சேலையக் கிழிச்சா கேட்டுட்டுக் கிழி."

"சரித்தா."

அடுத்த விடியலில் மலையம்மாள் நீலத்துணி கட்டிய பாக்ஸை நீட்டியதும் ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தி சொன்னாள்: "இன்னைக்குத்தான் கடை கடையா இருக்கு."

மதலேனாளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடே, நெய் விட்டு முறுகலாக ஒரு தோசை ஊற்றி மலையம்மாள் பக்கம் நீட்டினாள்.

"ஆறிப்போறதுக்குள்ள தின்னு."