இருபது நிமிடப் புல்லாங்குழல்

தொண்ணூறுகளின் கடைசியில் கிள்ளானில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். தலைவர் பாடுவார், ஒருவர் தபேலா, மீதி எல்லா வாத்தியமும் நான். என் கீபோர்டைத் தூக்கித் தூக்கியே இடுப்பு போய்விட்டது. அப்போதுதான் கணினிக்குள்ளேயே எல்லா வாத்தியமும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கோலாலம்பூரில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அலமாரியில் இரண்டு பெட்டிகள். ஒன்று தொண்ணூறு ரிங்கிட், பக்கத்தில் இருந்தது ஆயிரத்து இருநூறு. இரண்டிலும் இருந்தது அதே வட்டத் தட்டுதான். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். மலிவானது சத்தத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறதாம். புல்லாங்குழல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மற்றதற்கு நிஜமான கலைஞரை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று ஊதவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதை வாங்குபவர்களும் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். மொத்தச் செலவும் அந்தக் கொஞ்சம் பேர் தலையில்தான் விழும். நான் தலையாட்டிவிட்டு, மனிதர் நன்றாகக் கதை விடுகிறார் என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், திருட்டுப் பிரதிதான், எந்தத் தட்டானாலும் பத்து ரிங்கிட். விமானம் ஓட்டும் விளையாட்டும் பத்து, சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளும் பத்து. எங்களைப் பொறுத்தவரை மென்பொருள் என்பது காங்கோங் கீரை மாதிரி; எந்தக் கட்டும் ஒரே விலை. அந்த ஆயிரத்து இருநூறையும் அங்கே பத்துக்கு வாங்கினேன். வீட்டில் வாசித்துப் பார்த்தால், அடடா, புல்லாங்குழலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் என் வாசிப்பை வீட்டில் யாரும் பொறுத்துக்கொள்வதில்லை என்பதால், அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

தலைவருக்கு நம்பிக்கையில்லை. பாதியில் நின்றுபோனால் காப்பாரிலிருந்து வேறு கீபோர்டுகாரரைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னார். நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மதிய விருந்து. நானூறு பேர். கனத்தைக் குறைக்க வந்த நவீனத்துக்காகக் கணினிப் பெட்டி, மானிட்டர், ஒலிபெருக்கி, வாசிக்க ஒரு குட்டி விசைப்பலகை என்று காரிலிருந்து மூன்று நடை தூக்கினேன். இருபதாவது நிமிடம், தலைவர் சரணத்தில் இருக்கும்போது, புல்லாங்குழல் செத்தது. திரையில் ஓர் அறிவிப்பு: இது மாதிரிப் பிரதி, தொடர்ந்து வாசிக்க முழுப் பிரதியை வாங்கவும். மூடிவிட்டு மறுபடி திறக்க நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தையும் தபேலாக்காரர் கையாலேயே ஓட்டினார். பெட்டி சூடாகிவிட்டது என்று தலைவரிடம் பொய் சொன்னேன்.

அடுத்த இருபது நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். பயத்தில் எல்லாப் பாட்டுக்கும் வேகம் கூடியது. மணமக்கள் ஏறக்குறைய ஓடிவந்து மேடையேறினார்கள். மறுபடி நின்றது. தலைவர் திரும்பிப் பார்த்த பார்வையில் காப்பார் தெரிந்தது. சட்டென்று மைக்கைப் பிடுங்கினேன். நம் ஊர்க் கல்யாணத்தில் எப்போதும் எடுபடும் அறிவிப்பு ஒன்றுதானே: வழியை மறித்து நிற்கும் காரை உடனே எடுக்கவும். ஏதாவது ஓர் எண் சொல்ல வேண்டுமே. வாயில் வந்தது என் காரின் எண்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்கள்? உரிமையாளர் மேடையில் மைக்கோடு வியர்த்துக்கொண்டிருக்கிறார். நிறமும் சொன்னேன். கணினி இன்னும் திறந்தபாடில்லை. மூன்றாம் தடவை சொன்னதும் பெண்ணின் தாய்மாமன் சாப்பாட்டை விட்டு எழுந்தார், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கோபமாக வெளியே போனார். நான் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசித்தேன்.

விருந்து முடிந்து மானிட்டரைக் கட்டிப்பிடித்தபடி வெளியே வந்தபோது, தாய்மாமன் உதவிக்கு ஓடிவந்தார். தலைவரும் பின்னாலேயே வந்தார். தாய்மாமன் கையை நீட்டினார்.

“கொடுங்கண்ணே, நான் புடிக்கிறேன். உங்க காடி எங்க?”

மண்டபத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரம், ஒரு சக்கரம் புல்லுக்குள் இறங்கி நின்ற காரை மோவாயால் காட்டினேன். தாய்மாமன் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். வேறு வழியின்றி, பத்து ரிங்கிட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“அது நாலு பேர் தூக்கி வச்ச காடிண்ணே” என்றார் மெதுவாக. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், மானிட்டரை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்த நால்வரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவரிடம் திரும்பினார்.

“எங்க சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கும் இவர கூட்டிட்டு வாங்க. காடி பாக்க ஆள் வேணும் லா.”

தலைவர் காரையும் மானிட்டரையும் ஒருமுறை பார்த்தார்.

“வருவாரு” என்றார். “பழைய கீபோர்டோட வருவாரு.”

நான் மானிட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து காரைத் தள்ளப் போனேன்.