பேஸ்மென்ட் பாய்லரும் மாமன் மாலையும்

தங்கச்சி மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்துவிட்டார்கள். நிலக்கோட்டையில். நான் ஒரே அண்ணன். மாமன் மாலையை நான்தான் போட வேண்டும். நான் இருப்பது நியூ ஜெர்சியில்.

தை என்றால் இங்கே கடும் பனி. எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு பாய்லர் இருக்கிறது. வீட்டை வாங்கும்போதே அது கிழடு. தண்ணீரைச் சுட வைத்து, அறைக்கு அறை இருக்கிற இரும்பு ரேடியேட்டருக்கு அனுப்பும். நினைத்தால் வேலை செய்யும். நினைக்காவிட்டால் சத்தமில்லாமல் அணைந்துவிடும். நான் இறங்கிப் போய்ப் பற்ற வைப்பேன். யாரும் பார்க்காமல் விட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். அப்புறம் வீடு குளம். புது பாய்லர் மாற்றுவதாக இருக்கிறோம். ரொம்ப நாளாக இருக்கிறோம்.

அதனால் குளிர்காலத்தில் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். தங்கச்சி மகளுக்குச் சடங்கு வைத்ததும் தை மாதம்தான். மனைவியும் மகளும் போனார்கள். நான் பாய்லரோடு இருந்தேன்.

இந்தத் தடவை மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் காலேஜில் படிக்கிறாள். நான் எட்டாவது. பார்சிப்பனியில் ஒரு ஓட்டலில் தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்கிறேன்.

"இட்ஸ் சிம்பிள் அப்பா. திஸ் இஸ் எ சென்சார். வீடு கோல்ட் ஆனா உங்க ஃபோனுக்கு மெசேஜ் வரும்."

"கரண்ட் போனா?"

"வைஃபை போயிடும்."

"வைஃபை போனா?"

"தென், நோ மெசேஜ்."

"அப்ப நல்ல நாள்ல எல்லாம் பேசும். பனி கொட்டி கரண்ட் போற அன்னைக்கு வாயை மூடிக்கும்."

மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள். "ஒரு கேமரா வாங்கி பாய்லர் முன்னாடி வச்சிருடி. உங்கப்பா அங்க மண்டபத்துல உக்காந்து அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

மகள் தேடினாள். உள்ளேயே சிம் இருக்கிற ஒன்று கிடைத்தது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும். போனதையும் சொல்லும். அதை வாங்கச் சொன்னேன். ஹாலில் மாட்டலாம் என்றாள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே மாட்டினேன். அது வடக்குச் சுவர். முதலில் உறைவது அங்கேதான்.

வீடு குளிர்ந்த பிறகு சொல்லி என்ன பயன் என்றும் கேட்டேன். பாய்லர் அணைந்த உடனே தெரிய வேண்டும். மகள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு இன்னொன்றைக் காட்டினாள். பாய்லரிலிருந்து கிளம்பும் குழாயில் கவ்வி வைப்பது. குழாய்ச் சூடு இறங்கினால் சொல்லும். அதுவும் சரி. மூன்றாவது, தண்ணீர் கசிந்தால் கத்துவது. உள்ளங்கை அளவு வட்டம். அடியில் இரண்டு இரும்புப் புள்ளி. ஈரம் பட்டால் போதும். பாய்லருக்குக் கீழே தரையில் வைத்தோம்.

டிக்கெட் போடவில்லை. கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.

தங்கச்சி ஃபோன் செய்தாள். "அண்ணே, டிக்கெட் போட்டாச்சா?"

"பாய்லருக்கு ஆள் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஆளா?"

"மிஷின்."

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மனைவி அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிறாள். இந்த ஊர்க் குளிரில் மாவு புளிக்காது. கல் மாதிரி கிடக்கும். பாய்லர் பக்கத்தில் வைத்தால் புளிக்கும். சென்சார் வந்த பிறகு, ஃபோனில் சூட்டைக் காட்டும் ஆப்பை என்னைவிட அவள்தான் அதிகம் பார்த்தாள். "கீழ நல்ல சூடு. இன்னைக்கு மாவு சீக்கிரம் எழும்பிரும்" என்பாள்.

ஒரு மத்தியானம், ஓட்டலில் கூட்டம். சட்டைப் பையில் ஃபோன் அலறியது. எடுத்துப் பார்த்தேன். பேஸ்மென்டில் தண்ணீர். மனைவிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கல்லில் கிடந்த தோசையைப் பக்கத்து மாஸ்டரிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் மகள் கூப்பிட்டாள். அவள் ஃபோனிலும் அலறியிருக்கிறது. "அப்பா, மெயின் வால்வ் மூடுங்க. டோன்ட் டச் எனிதிங் எலக்ட்ரிக்!" வால்வை மூடுவது, சாமானை மேலே ஏற்றுவது, தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று வரிசையாக யோசித்துக்கொண்டு ஓட்டினேன்.

மனைவி பேஸ்மென்ட் படியில் வாளியோடு நின்றாள். கீழே அலறல் கேட்டது.

"தண்ணி எங்க?"

"தண்ணி இல்ல. மாவு."

பெரிய குண்டான் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. மாவு வழிந்து, தரைச் சரிவில் போய், சென்சாருக்கு அடியில் புகுந்திருந்தது. பாய்லர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேட்டரிய உருவுங்க. காது போகுது."

உருவினேன். மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். சிரித்தாள். "ஸோ இட் வொர்க்ஸ்!"

"வேலை செய்யுதுடி" என்றாள் மனைவி. "உங்கப்பா அதுலயும் ஒரு குறை வச்சிருப்பாரு பாரு."

வைத்திருந்தேன். ஓட்டல் பக்கத்தில் இருந்தது, வந்துவிட்டேன். நிலக்கோட்டையில் இருக்கும்போது அலறினால் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மூன்று மிஷினும் சொல்லும். ஒன்றுகூட இறங்கிப் போய்ப் பற்ற வைக்காது.

"அப்ப நீங்க வரல" என்றாள் மனைவி. நான் மாவைத் துடைத்தேன்.

காலிங் பெல் அடித்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் கோயமுத்தூர்ப் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். மாவு வாங்க வந்திருந்தாள்.

"என்னங்கக்கா, மாவு வாசம் ரோடு வரைக்கும் வருது?"

"இன்னைக்கு மாவு பாய்லருக்கு" என்றாள் மனைவி. நடந்ததைச் சொன்னாள். தை மாதம் ஊருக்குப் போவதையும், திரும்பி வரும்வரை மாவு கிடையாது என்பதையும், நான் வராததையும் சேர்த்துச் சொன்னாள்.

அந்தப் பெண் மற்றதை விட்டுவிட்டு மாவைப் பிடித்துக்கொண்டாள். "மாவுக்கு நான் எங்கீங்க்கா போவேன்? எங்கூட்ல கிரைண்டர் இருக்குதுங்க. மாவு பொங்கத்தான் மாட்டேங்குது. புது ஹீட்டரு, வெறும் காத்துதான் வருது. சூடா ஒரு மூலை இல்லீங்க." கீழே எட்டிப் பார்த்தாள். "சாவியக் குடுத்துட்டுப் போங்க. நான் மாவக் கொண்டாந்து இங்க வெச்சுக்கறேன். காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா வருவேனுங்க. இது நின்னுபோனா எனக்கு இட்லி இல்லீங்ணா. பாக்காம இருப்பனா?"

எங்களுக்கு உதவி செய்ய வருகிறேன் என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். மாவுக்காக வருகிறாள். நம்பலாம்.

கீழே கூட்டிப் போனேன். குமிழை எப்படி அமுக்கிப் பிடிப்பது, நெருப்பு பிடித்த பிறகு எப்போது விடுவது என்று காட்டினேன். அணைத்துவிட்டு அவளைப் பற்ற வைக்கச் சொன்னேன். முதலில் கையை எடுத்துவிட்டாள். அடுத்த தடவை பிடித்தது. மகளிடம் சொல்லி அந்தப் பெண்ணின் நம்பரையும் ஆப்பில் சேர்த்தேன்.

மறுநாள் டிக்கெட் போட்டோம். தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நெசமாவா அண்ணே?"

"ம்."

"நீ வரமாட்டேன்னு மாலை போடப் பெரியப்பா மகன்கிட்டச் சொல்லி வச்சிட்டேனே. அவன் பட்டு வேட்டி வரைக்கும் எடுத்துட்டான். இப்ப என்னன்னு சொல்றது?"

"வேட்டியக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. மாலைய நான் போடுறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.