எங்கப்பா பாடமாட்டார்

எங்கள் கல்லூரி மாணவர் கட்டுரைத் தொகுப்பு ஒன்று என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. வழவழ அட்டை, அட்டையில் குற்றாலத்து அருவி. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தென்காசியில் நான் மூன்றாம் வருடம் படித்தபோது வந்த புத்தகம் அது. பண்பாடு, அடையாளம், பொருளாதாரம், சினிமா, உணவு என்று ஐந்து பகுதிகள். தொகுத்தவர் எங்கள் துறை சார். உணவுப் பகுதிக்கு வகுப்பில் பாதிப் பேர் எல்லையோரக் கடைகளின் பார்டர் பரோட்டாவை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் வேறு எதையும் தின்பதே இல்லை போல! காலையில் பழைய சோறு சாப்பிட்டு பஸ் ஏறி வந்தவளே பரோட்டாவுக்கு மூன்று பக்கம் உருகியிருந்தாள். சாருக்கு அதெல்லாம் ரொம்பப் பிடித்திருந்தது.

நான் பொருளாதாரத்துக்கு எழுதினேன். என் அப்பா சீசனில் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் நின்றதும் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றப் போய்விடுவார். எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆன கையில் சாக்கு உரசும், வெடிக்கும், வெடிப்பில் எலுமிச்சைச் சாறு இறங்கும். அந்த மாதங்களில் அவர் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவார். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரிடமே கேட்டு எழுதினேன். அவர் வேலையைப் பற்றி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"என்னத்தையும் எழுதிக்கோ ஏட்டி. பொய் மட்டும் எழுதிராத. என்கூட தேய்க்கிற ஆளுவ வாசிச்சா காறித் துப்பிருவானுவ."

சரி என்றேன்.

பத்து நாளில் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. சார் அதைப் பண்பாட்டுப் பகுதிக்கு மாற்றியிருந்தார். எலுமிச்சையை அடித்துவிட்டார். தேய்க்க ஆள் அனுப்புவதற்கு லாட்ஜ் ஆட்கள் அப்பாவிடம் வாங்கும் கமிஷனையும் அடித்துவிட்டார். மூலிகை மணம், மலைக்காற்று என்று அவரே ஏதேதோ சேர்த்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பத்தி: என் அப்பா எண்ணெய் தேய்க்கும்போது தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டுகளைப் பாடுவாராம்!

"சார், எங்கப்பா பாடமாட்டாரு. தேய்க்கும்போது யாரும் பேசக்கூட மாட்டாங்க சார். மூச்சு வாங்கும்."

"பாட்டு இல்லாத உழைப்பு உண்டாம்மா? முன்னாடி இருந்திருக்கும், இவங்க மறந்திருப்பாங்க. அது இல்லன்னா கட்டுரை வறட்டுன்னு கெடக்கு."

"அப்போ என் கட்டுரை வேண்டாம் சார்."

"உன் இஷ்டம். நாளைக்கு அச்சுக்குப் போவுது."

இந்த ஆள் ஒருநாளாவது குனிந்து யாருக்காவது எண்ணெய் தேய்த்திருப்பாரா என்று மனதுக்குள் வைதேன். வைதுகொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதற்கு வேறு சாக்கு சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

வெளியீட்டு விழாவுக்குப் பெற்றோரையும் கூட்டிவரச் சொன்னார்கள். சீசன் நேரம். அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத எண்ணெய் வாடை அவர்மேல் இருந்தது. பாட்டு விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

சார் மைக்கைப் பிடித்து, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பத்தியையே வாசித்தார். நான் தலையைத் தூக்கவில்லை. வாசித்து முடித்ததும் சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் எழுந்து, "அந்த அப்பா இங்க வந்திருக்காரா? நாலு வரி பாடச் சொல்லுங்களேன்" என்றார்.

அப்பாவைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். மைக் முன்னால் நின்று என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து போய், இது பொய், நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அப்பா பாடினார். என்ன பாட்டென்று எனக்குத் தெரியவில்லை. பாதி வார்த்தை, பாதி முனகல், வாய்க்கு வந்ததைச் சேர்த்து இழுத்தார். இருமல் வந்து நிறுத்தினார். அரங்கமே கை தட்டியது. சார் மைக்கைப் பிடுங்கி, "பார்த்தீர்களா, எத்தனை காலத்துத் தொழிற்பாட்டு!" என்றார். அந்த மைக்கை அவர் தொண்டையில் திணிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா புத்தகத்தை மட்டும் வாங்கி, என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சார் அந்தப் புத்தகத்தைக் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்கும், தங்க வருகிறவர்கள் வாசிக்கட்டும் என்று கொடுத்திருக்கிறார். அடுத்த சீசனில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கடைகள் முடிகிற இடத்தில், துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தவனின் முதுகில் அப்பா தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அப்பா பாடிக்கொண்டிருந்தார். வரிக்கு வரி மூச்சு வாங்கியது. கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள்.

"ஏன்பா இதெல்லாம்? பாட முடியாதுன்னு சொல்லிருங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

தூக்குவாளியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"நீ புஸ்தகத்துல எழுதிட்டல்லா ஏட்டி. நான் பாடலன்னா நீ பொய் சொன்னவளா ஆயிருவ."

சொல்லிவிட்டு, கையில் எண்ணெயை ஊற்றி, அடுத்த ஆளைப் படுக்கச் சொன்னார்.