நினைத்தால் கிளம்பி வர முடியாத இடம்

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனதற்காக, ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு விடுதியில் மூன்று நாள் தங்கத் திட்டமிட்டேன். பாறைப் பள்ளத்தாக்குக்குள் தன்னந்தனியாக இருக்கும் விடுதி. போனில் படங்களைக் காட்டி, "டவரு கெடையாது, அக்கம்பக்கம் ஆளு கெடையாது. நிம்மதியா இருக்கலாம்" என்று மனைவி செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெனச்சா வெளிய கெளம்பி வர முடியுமாங்க?"

"முடியாது. மூணாம் நாளு அவுக வண்டி வந்துதான் கூட்டிட்டு வரும்."

"அப்ப வேணாம். இங்கயும் எனக்கு அப்படித்தான இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பரளச்சி ஊருக்கு வெளியே, விவசாயக் காட்டுக்கு நடுவில் ஒற்றையாக எங்கள் வீடு. நான் தினமும் பைக்கில் திருச்சுழிக்கு வேலைக்குப் போய்விடுவேன். அவள் அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினாலும், "என்ன வேணும்னு சொல்லு, நானே வாங்கியாரேன்" என்று தடுத்துவிடுவேன். அதை அன்பு என்றே நம்பியிருந்தேன்.

"சரி, நீ எங்க போகணும்?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. யாரும் கேட்டதில்லையே" என்று சொல்லி அழுதாள்.

அந்தப் பயணத்தைக் கைவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் தனியாகப் பஸ் ஏறினாள். எங்கே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. சாயங்காலம் அவள் திரும்பி வரும்வரை வீட்டில் ஒற்றையாய் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டின் பகல் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.