சாவி குடு

ஒல்லியான கைக்கடிகாரங்கள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. முழுக்கைச் சட்டைக்குள் சத்தமில்லாமல் போய் ஒளிந்துகொள்ளும். கையில் ஒன்று இருக்கிற பாரமே தெரியாது. மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கைப்பொத்தான் போடாமல் அலுவலகம் போகாத அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கும் என்று, டெல்லி கரோல் பாக் கடைவீதியில் அலைந்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முகப்பில் எண்கள் இல்லை, வெறும் கோடுகள். பேட்டரி கிடையாது, தினமும் திருகிவிட வேண்டும். அதுதான் அழகே என்று கடைக்காரரைவிட நான்தான் அதிகம் பேசினேன். அப்பாவுக்கும் பிடித்துப்போனது. தண்ணீர் ஆகாது என்பதால் குளிக்க மட்டும் கழற்றுவார்.

மறதி பிற்பாடுதான் வந்தது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய், மயூர் விஹார் மெட்ரோ வாசலில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றிருந்தார். அன்றிலிருந்து கதவைப் பூட்டி, சாவியை என் மனைவி தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் காலையில் காபி குடித்துவிட்டு என் முன்னால் வந்து கையை நீட்டுவார்.

“சாவி குடுல.”

“எங்கப்பா போணும்? நான் கூட்டிட்டுப் போறேன்.”

“எங்கயும் போகல. சாவி குடுல.”

தந்திரமாகக் கேட்கிறார் என்றே நினைத்தோம். நான் எரிந்துவிழுவேன். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்க்கச் சகிக்காது.

ஒருநாள் மனைவிதான் சொன்னாள். “ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? மாமா இடது கையைத்தான் நீட்டுறார்.”

எனக்குச் சுருக்கென்றது. இடது கையால் யாராவது பிரசாதம் நீட்டினால் வாங்காமலே திரும்பி வருகிற மனிதர் அவர். கையைப் பிடித்துப் பார்த்தேன். கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதன் திருகு ஒரு மிளகளவுகூட இல்லை. நடுங்குகிற விரல்களுக்கு அது எங்கே அகப்படும்? கடிகாரத்தைத் திருகுவதை அவர் காலத்தில் ‘சாவி கொடுப்பது’ என்பார்கள். பேட்டரிக் காலத்தில் டெல்லியில் வளர்ந்த என் காதில் அது கதவுச் சாவியாகவே விழுந்திருக்கிறது.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அப்பா தெளிவாகத்தான் இருக்கிறார், மக்கு நான்தான் என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாவி கொடுத்து, நேரத்தைச் சரிசெய்து, கையில் கட்டிவிட்டேன். காதருகே வைத்துக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் முகப்பையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“மணி என்னல?”

எண்ணே இல்லாத முகப்பில் பாவம் அவர் எதைப் பார்ப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவசரமாகச் சுவரைக் காட்டினேன். அங்கே பெரிய பெரிய எண்களோடு ஒரு கடிகாரம் உண்டு. சன்னல் வெயில் நேராக அதன் மேல் விழுந்திருந்தது.

“அதுல பாருங்கப்பா.”

பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீயே சொல்லுல.”

“ஒம்போது.”

தலையாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“காலையிலயா, ராத்திரியா?”