பேர் வெட்டு

விஜயலெட்சுமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பதுளை டவுனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், கொழும்புக் கம்பெனிகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் அலுவலகம் எங்களுடையது. ஆறு வருடமாக அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். ஒரு நாளும் பிந்தியதில்லை. டவுனிலேயே இருக்கும் நான்தான் வாரத்துக்கு மூன்று நாள் பிந்துவேன்.

அவளுக்கு ஒரே ஆசை. அம்மா வேலாயி மலை ஏறிக் கொழுந்து பறிப்பதை நிறுத்த வேண்டும். வேலாயிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. விஜி தினமும் நச்சரிப்பாள். "ஒன் வேல நெலச்ச வேலதானா?" என்று கேட்டுவிட்டு வேலாயி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம்.

போன வருடக் கடைசியில், அழைப்புகளுக்குக் கணினியே பதில் சொல்லும் ஏற்பாடு வந்தது. யாழ்ப்பாணப் பேச்சு, கொழும்புப் பேச்சு எல்லாம் அதற்குப் பிடிபட்டது. தோட்டத்துப் பேச்சில்தான் தடுக்கி விழுந்தது. "பெரட்டுக்குப் போகணும், சீக்கிரம் சொல்லுங்க" என்று ஒரு அம்மா அவசரப்பட்டால், பராட்டாக் கடைக்கு வழி சொன்னது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்தான் பெரட்டு என்று அதற்கு யார் சொல்வது? விஜிதான் சொன்னாள். நான்கு மாதம் சொல் சொல்லாகப் படிப்பித்தாள். "விஜி இல்லையெண்டா இந்த வேலை நடந்திருக்காது" என்று மேலாளர் கிஷாந்தன் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். அதை அவள் வீட்டில் போய்ச் சொல்ல, வேலாயி மனம் இறங்கினாள். இந்த மாதக் கடைசியில் நின்றுவிடுவதாக ஒப்புக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கிஷாந்தன் பதினான்கு பேரைக் கூப்பிட்டார். பட்டியலில் முதல் பெயர் விஜி.

"தோட்டத்து ஆக்களின்ர டெலிபோன் கோலையும் இனி மெஷினே பார்க்கும். மேலிடத்து முடிவு. நான் என்ன செய்யிறது?"

ஸில்மியா என்று என் பெயரையும் வாசித்தாராம். எனக்குக் காதில் விழவே இல்லை. படிப்பித்தவளையே முதல் ஆளாக அனுப்புவார்களா?

படிக்கட்டில் நின்று விஜி அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது; எனக்கும் கேட்டது.

"பேர வெட்டிட்டாங்கம்மா."

தோட்டத்தில் வேலையை விட்டு நின்றாலும் பேர் வெட்டுத்தான், நிறுத்தினாலும் பேர் வெட்டுத்தான். யாருடைய பேர் என்று அவள் சொல்லவில்லை.

"ஆமா புள்ள! ஒனக்கு யாரு சொன்னா?" வேலாயி சிரித்தாள். "மாசக் கடைசி வரைக்கும் என்னாத்துக்குன்னு இன்னைக்குக் காலையிலயே தோட்டத்து ஆபீசுல கிளாக்கரையாக்கிட்ட கைநாட்டு வச்சுட்டேன். என் எடத்துக்கு வேற ஆளும் பதிஞ்சாச்சு. இப்ப ஒனக்குச் சந்தோசந்தானே?"

விஜி என்னைப் பார்த்தாள். அப்படி வெளிறிய முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஒன் பேரு இல்லம்மா. என் பேரு."

வேலாயியின் குரல் வேறு மாதிரி வந்தது.

"மணி என்னாடி? ஆபீசு நாலு மணிக்குத்தான் பூட்டுவாங்க. கிளாக்கரையா கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்குறேன்."

"அம்மா, ஓடாதம்மா! காலு!"

போனை அணைக்க வேலாயிக்குத் தோன்றவில்லை. மேட்டில் ஏறும் அவளுடைய மூச்சிரைப்பைப் படிக்கட்டில் நின்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.